மலைமேல் கடல்தொட்டி: பவளம் சுணங்கினால் எங்கே பார்ப்பது

சென்னையில் வீட்டில் பவளம் வளர்க்கக் கடல்தொட்டி வைத்திருப்பவர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குச் செலவழிக்கிறார். குன்னூரில் நான் ஹீட்டருக்குச் செலவழிக்கிறேன். பாதிக் கதை இதிலேயே இருக்கிறது. பவள வளர்ப்புக்குக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் வெயில் ஊர்க்காரர்களுக்கானவை. தொட்டி சூடாகிவிடும், ஃபேன் வையுங்கள் என்பார்கள். 1,850 மீட்டர் உயரத்தில், மார்கழி ராத்திரியில், வீட்டுக்குள்ளேயே பேசினால் வாயிலிருந்து ஆவி வரும்போது அந்த யோசனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என்னுடையது 160 லிட்டர் தொட்டி. மென்பவளங்கள் மட்டும்தான்: ஸோவா, மஷ்ரூம், ஒரு பெரிய லெதர். கல் பவளம் வைப்பதில்லை. பவளப்பாறை கட்டும் கல் பவளங்களும், கரும்பவளம், கடல் விசிறி போன்றவையும் 2001-இலிருந்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது, அழகாக இருக்கிறது என்று யாராவது நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். மென்பவளத்திலும், யாராவது தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டாகப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். நம் மலையில் பவளத்துக்கு வருகிற சுணக்கத்தில் முக்கால்வாசி நோயே இல்லை. வீட்டின் குளிர், மூடிய ஜன்னல், குளியலறை வெந்நீர், கரண்டு ஆகியவைதான் பவளத்தில் போய்த் தெரிகின்றன. அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருந்தாலும், பல இடங்களில் தொட்டியை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்வேன்.

எதையும் தொடும் முன்

முதலில் எண்ணுங்கள். எல்லாப் பவளமும் சுருங்கியிருக்கிறதா, ஒன்று மட்டுமா? எல்லாம் என்றால் தண்ணீரில் கோளாறு. ஒன்று மட்டும் என்றால் அந்த இடத்தில் கோளாறு: வெளிச்சம், நீரோட்டம், பக்கத்துவீட்டுப் பவளம், பூச்சி. அப்புறம் மீனையும் நத்தையையும் பாருங்கள். மூன்றில் யார் நலம், யார் நலமில்லை என்பதே பாதி பதில்.

அடுத்து மூன்று அளவு: விடியற்காலை வெப்பநிலை, உப்பு, பிஎச். 24 முதல் 26 டிகிரி, 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு), 7.8-க்குக் குறையாத பிஎச். இந்த மூன்றையும் பார்க்காமல் கால்சியம், அயோடின், அமினோ என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றுவது, காய்ச்சல் பார்க்காமலே ஊசி போடுவது மாதிரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிவிட்டு மூன்று நாள் பொறுங்கள். நாலு மாற்றத்தை ஒரே சாயங்காலம் செய்தால், எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

காலையில் எல்லாம் மூடிக்கிடக்கிறது, மதியம் திறக்கிறது

ஊட்டியிலிருந்து ஒரு தம்பி போன் செய்வான். "அண்ணே, ஸோவா மூடிக்கிச்சு. டெம்பரேச்சர் 25 சரியா இருக்கு." எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று கேட்டால், "இப்பத்தான், மதியம் ரெண்டு மணிக்கு" என்பான். மதியம் இரண்டு மணிக்கு எல்லாத் தொட்டியும் சரியாகத்தான் இருக்கும். காலை ஐந்தரைக்குக் கம்பளியை விலக்கி எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அது முடியாதென்றால் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். சின்னச் செலவுதான். அவன் வாங்கினான். ராத்திரிக் குறைந்தபட்சம் 20.8 என்று வந்தது. தினமும் நாலு டிகிரி ஏறி இறங்கினால் எந்தப் பவளம் முகம் மலரும்?

அவனிடம் 300 வாட் ஹீட்டர் இருந்தது. அந்தத் தொட்டிக்கு அது போதும். குறை மின்அழுத்தத்தில் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் கீசர், ரூம் ஹீட்டர் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். லைனில் 180 வோல்ட்தான் வரும். ஹீட்டர் தரும் சூடு மின்அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். 230 வோல்டில் 300 வாட் தருவது 180 வோல்டில் 185 வாட் பக்கம்தான் தரும். சூடு எங்கும் கசியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 160 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 300 வாட்டுக்கு 36 நிமிடம் பிடிக்கும். 185 வாட்டுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் குளிர் ஒரு டிகிரியைத் தின்றுவிட்டால், ஹீட்டரின் சிவப்பு விளக்கு விடிய விடிய எரிந்துகொண்டே இருக்கும், தண்ணீரும் ஆறிக்கொண்டே இருக்கும்.

சரி, என்ன செய்வது? முதலில் தெர்மாகோல். தொட்டியின் பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பக்கம் எல்லாவற்றிலும் ஒரு அங்குல தெர்மாகோல் ஒட்டுங்கள். பார்க்க அழகாக இருக்காது. முன்கண்ணாடி ஒன்று போதும் பார்ப்பதற்கு. நான் இதைச் செய்த வாரத்தில் ஹீட்டர் ஓடும் நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. இரண்டாவது, ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியவை. ஒன்று பழுதானால் மற்றது கொஞ்சம் தாங்கும். ஒன்றின் தெர்மோஸ்டாட் அணையாமல் சிக்கிக்கொண்டாலும், பாதி வாட்டில் தொட்டி ரசமாகக் கொதித்துவிடாது. வெளியே ஒரு தனி தெர்மோஸ்டாட் பெட்டியும் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மூன்றாவது, ஹீட்டரை நீரோட்டம் படும் இடத்தில் வையுங்கள். மூலையில் செருகி வைத்தால் அதைச் சுற்றி மட்டும் சூடாகித் தானாக அணைந்துவிடும்.

ஐப்பசி மழையில் எங்காவது மரம் விழுந்து கரண்டு போனால் திரும்பி வர எத்தனை மணி நேரமாகும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ஒரு முறை ஆறு மணி நேரத்தில் என் தொட்டி 25.5-இலிருந்து 20-க்கு வந்தது. தெர்மாகோல் ஒட்டுவதற்கு முந்தைய கதை அது. இன்வெர்ட்டரில் ஹீட்டரைப் போடாதீர்கள். பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். தண்ணீரை அசைக்கும் பத்து வாட் வேவ்மேக்கரை மட்டும் அதில் போடுங்கள். அசைவு நின்றால் மூச்சு நிற்கும், குளிர் அதற்கு அடுத்த எதிரி. சூட்டுக்கு, கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றி, மூடியை இறுக்கி மிதக்கவிடுங்கள். ஆறினால் மாற்றுங்கள். தொட்டிக்கு மேல் பழைய கம்பளி ஒன்றைப் போர்த்துங்கள். கரண்டு வந்ததும் ஹீட்டரை ஒரேயடியாக 26-இல் வைக்காமல், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் நன்றாக இருக்கிறது, நத்தை விழுகிறது, பவளம் சுருங்குகிறது

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். செம்பு.

நானே செய்த காரியத்தைச் சொல்கிறேன். தீபாவளி வாரம், விடாத மழை. குழாய்த் தண்ணீர் 14 டிகிரி. குளிர் தண்ணீரில் ஆர்ஓ மெதுவாகத்தான் சொட்டும். பாதி வாளி நிறைய ராத்திரி முழுக்க ஆனது. உப்பு கலக்க வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். குளியலறையில் பாய்லர் புகைந்துகொண்டிருந்தது. நடுவில் கரி போடும் குழாய், பக்கத்தில் பித்தளைக் குழாய், துலக்கித் துலக்கித் தேய்ந்த செம்பு. தாத்தா காலத்துச் சொத்து. அரை வாளி பிடித்து ஊற்றிவிட்டேன்.

மறுநாள் காலை கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் மணலில் மல்லாந்து கிடந்தன. ஸோவா எல்லாம் பொத்தான் மாதிரி மூடிவிட்டது. மஷ்ரூம் ஒன்று வாயைத் திறந்து உள்ளே இருக்கும் வெள்ளை நூல்களை வெளியே தள்ளியிருந்தது. கோமாளி மீன் மட்டும் எதுவுமே நடக்காதது போல வந்து சாப்பாடு கேட்டது. அதைப் பார்த்துத்தான் புரிந்தது. மீன் தாங்குகிற செம்பு அளவை முதுகெலும்பில்லாத எதுவும் தாங்காது. மீனுக்கு வரும் ஒட்டுண்ணி நோய்க்கு மருந்தாகவே செம்பு போடுவார்கள். அதே மருந்து நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம்.

அம்மாவிடம் சொன்னேன். "செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுடா, காலையில வெறும் வயித்துல குடின்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள். உடம்புக்கு நல்லதாக இருக்கட்டும். பவளத்துக்கு உடம்பே தனி ரகம்.

பாய்லர் இல்லை, எங்கள் வீட்டில் கீசர்தான் என்று சந்தோஷப்பட வேண்டாம். பல கீசர்களில் உள்ளே சூடாகும் கம்பியின் உறை செம்புதான். நம் மலைத் தண்ணீர் உப்புச்சத்து குறைந்த மென்னீர். அப்படிப்பட்ட நீர் உலோகத்தை அரித்துக் கரைத்துக்கொண்டு வரும். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற முதல் தண்ணீரில் இது அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போது சமையலறை ஆர்ஓ சிலவற்றில் செம்புச் சத்து சேர்க்கிறோம் என்று பெருமையாக எழுதியே விற்கிறார்கள். அந்தத் தண்ணீரும் ஆகாது.

அப்புறம் தேயிலை. மழைக்காலத்தில் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிப்பார்கள். உங்கள் கூரை தோட்டத்து ஓரமாக இருந்து, கூரைத் தண்ணீரைப் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றுகிறவர் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள். மருந்து அடித்துவிட்டுக் கை கழுவாமல் தொட்டியில் கை விடுவதும் அப்படித்தான்.

ஊற்றிவிட்டேன், இப்போது என்ன? விழுந்த நத்தைகளை உடனே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவை அழுகி அம்மோனியா வரும். சுத்தமான ஆர்ஓ தண்ணீரில் உப்பு கலந்து 30 சதவீதம் மாற்றுங்கள். மூன்று நாள் விட்டு மறுபடி, இன்னொரு மூன்று நாள் விட்டு மறுபடி. உலோகத்தை உறிஞ்சும் வடிகட்டித் துணி கடல்தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதைச் சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியில்) தண்ணீர் பாயும் இடத்தில் போடுங்கள். நிறம் மாறினால் புதிது போடுங்கள். செம்பு டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள். மலிவான கிட் பார்க்க முடியாத அளவே பவளத்துக்குப் போதும். கல்லும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஐந்து மஷ்ரூமில் மூன்று பிழைத்தன.

இப்போது ஆர்ஓ தண்ணீரை மூடி போட்ட டிரம்மில் வாரம் முழுக்கச் சேர்த்து வைக்கிறேன். அதற்குள் தனியாக ஒரு கண்ணாடி ஹீட்டர். நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 5-க்கு மேல் காட்டினால் வடிகட்டி மாற்றும் நேரம் என்று அர்த்தம்.

தண்ணீர் மாற்றிய மறுநாள் எல்லாம் சுருங்கியது, ஆனால் செம்பு இல்லை

குளிர்ந்த தண்ணீரிலேயே உப்பு கலந்து, நீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும், ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் அளந்தீர்களா? அப்படியென்றால் உப்பு குறைவாகப் போட்டிருப்பீர்கள். குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது. 12 டிகிரியில் அளந்தால் ஹைட்ரோமீட்டர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். 1.026 வந்துவிட்டது என்று உப்பை நிறுத்துவீர்கள். தண்ணீர் 25-க்குச் சூடானபின் அளந்தால் 3, 4 பிபிடி வரை குறைவாக இருக்கும். ஒரு தடவை என்றால் பவளம் பொறுத்துக்கொள்ளும். வாராவாரம் இப்படி மாற்றினால் தொட்டி மொத்தமும் மெல்லச் சப்பென்று ஆகிவிடும்.

தண்ணீரை முதலில் 24, 25-க்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் உப்பு, பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் கலக்கல், அப்புறம் அளவு. ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவிட்டால் நல்லது. அதையும் மாதம் ஒருமுறை 35 பிபிடி அளவுத் திரவத்தில் சரிபார்க்கவும்.

தலைகீழான கோளாறும் உண்டு. தை, மாசியில் இங்கே காற்று வறண்டிருக்கும். சூடான தொட்டி, குளிர்ந்த வறண்ட அறை. தண்ணீர் ஆவியாகி ஜன்னல் கண்ணாடியில் போய் வழியும். தொட்டியில் நீர் குறைகிறது, உப்பு அங்கேயே நிற்கிறது. குறைந்த அளவை நிரப்ப வெறும் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பினால் பத்தே நாளில் தொட்டி ஊறுகாய் ஜாடி.

ஜன்னல் மூடிய மாதங்களில் மட்டும் ஒரு சோர்வு

பெயர் சொல்ல முடியாத சோர்வு இது. பவளம் திறக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. வளர்ச்சி நின்றுவிடுகிறது. பிஎச் பார்த்தால் காலையில் 7.6, 7.7.

குளிருக்கு நாலு பேர் ஒரு அறையில், ஜன்னல் கதவெல்லாம் அடைத்து, இடுக்கில் துணி செருகி உட்கார்ந்திருக்கிறோம். நாம் விடும் கரியமில வாயு தொட்டியில் கரைகிறது. தண்ணீர் அமிலப் பக்கம் சாய்கிறது. இது உங்கள் வீட்டில் நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை எடுத்து பிஎச் பாருங்கள். அதை வாசலில் வைத்துச் சின்ன ஏர் பம்ப்பால் ஒரு மணி நேரம் காற்று விடுங்கள். மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் குற்றவாளி அறைக் காற்று. அப்போது பிஎச் ஏற்றும் பொடி வாங்குவது வீண். பொடி போட்டால் ஒரு மணி நேரம் ஏறும், அப்புறம் மறுபடி இறங்கும். இடையில் காரத்தன்மை தாறுமாறாகிவிடும்.

அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் காற்றை இழுக்கும் மெல்லிய குழாயை நீட்டி, ஜன்னல் சட்டத்தில் ஒரு துளை போட்டு வெளியே விடுங்கள். எனக்கு இது ஒன்றே 0.2 ஏற்றியது. பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளிலும் சருகு எரிக்கும் நாளிலும் குழாயை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் கரி கணப்பு வைக்கும் பழக்கம் இருந்தால் தொட்டிப் பேச்சை விடுங்கள். மூடிய அறையில் கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனையே இருக்காது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். கணப்பை வெளியே எடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கடல்மட்டத்தில் 25 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரை வைத்துக்கொள்ளும் என்றால், ஊட்டியில் 5.1 அளவோடு நின்றுவிடும். கடலில் பிறந்த உயிரை மேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அதனால் மீன் கூட்டம் வேண்டாம். வேவ்மேக்கரில் ஒன்றை மேல்நோக்கித் திருப்பி, தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் சுருக்கம் சுருக்கமாக அசையும்படி வையுங்கள். ராத்திரி அலையைக் குறைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ராத்திரிதான் ஆக்ஸிஜன் தட்டுப்பாடு.

வெளுக்கிறது

பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதி அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துப் பவளத்துக்கும் ஊட்டுகிறது. தொல்லை வந்தால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததற்குக் காரணம் கடல்நீரின் சூடு. அதே வெளுப்பைக் குளிரும் கொண்டுவரும். அதனால் நம் ஊரில் வெளுப்பு என்றால் முதல் சந்தேகம் மறுபடி அந்த விடியற்காலை தெர்மாமீட்டர்தான்.

அது சரியாக இருந்தால் வெளிச்சம். புது எல்இடி மாற்றினீர்களா? விளக்கைப் பாதி அளவுக்கு இறக்கி, வாரம் ஐந்து சதவீதமாக ஏற்றுங்கள். மஷ்ரூமுக்கு நிழல்தான் பிடிக்கும், அதை மணல் பக்கம் இறக்கிவிடுங்கள். வெளிச்சமும் சரி என்றால் நைட்ரேட், பாஸ்பேட் பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அது பட்டினி. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 பக்கம் இருக்கட்டும். மீனுக்குக் கூட ஒரு சிட்டிகை போட்டாலே வரும்.

வெளுத்தது செத்ததில்லை. உற்றுப் பார்த்தால் கண்ணாடி மாதிரி சதை இருக்கும், நுனிகள் அசையும். இந்த நிலையில் இடம் மாற்றி இடம் மாற்றி வைக்காதீர்கள்.

பழுப்பாகிறது, அல்லது கழுத்து நீள்கிறது

பழுப்பு என்றால் சத்து அதிகம் அல்லது வெளிச்சம் குறைவு. உள்ளே பாசி பெருகிவிட்டது, அவ்வளவுதான். ஸோவா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. விளக்கின் கண்ணாடியைத் துடைத்தீர்களா? நம் ஊரில் ஆவி படிந்து, உப்புக் காய்ந்து, ஒரு மாதத்தில் விளக்குக்கே கண்புரை விழுந்துவிடுகிறது.

லெதர் சுருங்கி, மேலே மெழுகு பூசினாற்போல் இருக்கிறது

ஒன்றும் செய்ய வேண்டாம். தோல் உரிக்கிறது, பாம்பு மாதிரி.

என் முதல் லெதர் இப்படி ஒன்பது நாள் கிடந்தது. பளபளவென்று, மேலே தூசு ஒட்டி, பூப்போல விரியும் பாலிப் ஒன்றுகூட வெளியே இல்லை. செத்துவிட்டது என்று எடுத்துக் கொட்ட வாளியும் கையுமாக நின்றேன். மூக்கருகே கொண்டுபோனால் நாற்றம் இல்லை. சரி, இன்னும் ஒரு நாள் என்று திரும்ப வைத்தேன். மறுநாள் சாயங்காலம் அந்த மெழுகு பாலாடைபோலக் கிளம்பிப் போயிற்று. இரண்டு வாரம்வரை இப்படி இருக்கலாம். நீரோட்டம் கொஞ்சம் கூடுதலாகப் படும்படி வேவ்மேக்கரைத் திருப்புங்கள், ஆடை சீக்கிரம் கிளம்பும். கையால் உரிக்காதீர்கள். மூன்று வாரம் தாண்டியும் அப்படியே இருந்தாலோ, அடித்தண்டு கறுத்து மெத்தென்று ஆனாலோ அப்போது கவலைப்படலாம்.

லெதர் தண்ணீரில் ஒருவித நஞ்சையும் விடும், பக்கத்தில் யாரும் வராமலிருக்க. உரிக்கும் வாரங்களில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வைப்பது மற்றவர்களுக்கு நல்லது.

ஒன்றே ஒன்று மட்டும் மூடியிருக்கிறது

விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள். பல பூச்சிகள் சிவப்பு வெளிச்சத்துக்கு அவ்வளவாக ஓடி ஒளிவதில்லை. ஸோவாவைத் தின்னும் ஓடில்லாத கடல் நத்தை ஒன்று உண்டு. தான் தின்ற ஸோவாவின் நிறத்திலேயே இருக்கும். பகலில் ஒரு பாலிப் என்றே நினைப்பீர்கள். சுருள் முட்டைகள் தண்டில் ஒட்டியிருக்கும். சதுரங்கக் கட்டம் போட்டாற்போல ஓடுள்ள சின்ன நத்தையும் ஸோவா தின்னும். இடுக்கியால் எடுங்கள். துண்டை வெளியே எடுத்து, பவளத்துக்கான அயோடின் கரைசலில் பாட்டிலில் சொன்ன நேரம் முக்கி, வேறு உப்புத் தண்ணீரில் அலசி வையுங்கள். முட்டைக்கு அயோடின் உறைக்காது. அதைச் சுரண்டத்தான் வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி முக்குங்கள்.

பக்கத்தில் பழுப்பு நிறக் குட்டித் தென்னைமரம்போல ஏதாவது முளைத்திருந்தால் அது ஐப்டேசியா. பவளத்தைக் கொட்டும். வெட்டாதீர்கள், நசுக்காதீர்கள். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் பத்தாக முளைக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் குழைத்து, பம்ப்பை அணைத்துவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயில் வையுங்கள். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். ஆனால் பெட்டிக்கடைச் சுண்ணாம்பில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாது. மீன் வளர்ப்புக்கு என்று விற்கும் பொடியை வாங்குங்கள். ஒரே நாளில் இரண்டு, மூன்றுக்கு மேல் வேண்டாம். பிஎச் எகிறிவிடும்.

கரைகிறது, பழுப்புச் சளி, நாற்றம்

இங்கே மட்டும்தான் அவசரம் தேவை. பம்ப்பை அணையுங்கள், சளி பரவக்கூடாது. சளியைச் சிரிஞ்சால் உறிஞ்சி வெளியே கொட்டுங்கள். துண்டை எடுத்து, நல்ல பாகம் மிஞ்சியிருந்தால் கெட்டதை வெட்டி, அயோடினில் முக்கி, தனித் தொட்டியில் வையுங்கள். எதுவும் மிஞ்சவில்லை என்றால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். அதன்பின் 20 சதவீதத் தண்ணீர் மாற்றம், புதிய கார்பன்.

கையுறை, கண்ணாடி இல்லாமல் ஸோவாவை வெட்டாதீர்கள். ஸோவா குடும்பத்தில் சில வகைகளில், குறிப்பாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் நஞ்சுகளில் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. கையில் கீறல் வழியாகவோ, கண்ணில் தெறித்தோ, ஆவியாகவோ உள்ளே போகலாம். பழைய கல்லில் ஒட்டியதைக் கொல்லக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றும் வேலை ஒருபோதும் வேண்டாம். ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. குளிருக்கு ஜன்னல் மூடிய நம் வீட்டில் அது இன்னும் மோசம். வேலையைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் கசப்பாக, உலோகச் சுவையாக வந்தாலோ, மூச்சு முட்டினாலோ, தசை வலித்தாலோ மருத்துவரிடம் போய்ப் பவளத்தின் பெயரையும் நஞ்சின் பெயரையும் சொல்லுங்கள். நீங்களாகச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

புதிதாக வந்தது திறக்கவே இல்லை

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பவளம் வரும் பையும் அப்படித்தான். கோயம்புத்தூர்க் கடையில் இறுக்கக் காற்றடித்துக் கட்டிய பை பர்லியாறு தாண்டும்போதே விம்மி நிற்கும். கடைக்காரரிடம் கொஞ்சம் தொளதொளவென்று கட்டச் சொல்லுங்கள். மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியில், செய்தித்தாள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். டிக்கியில் வேண்டாம். குன்னூர் வருவதற்குள் பைத் தண்ணீர் பத்து டிகிரி இறங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்யுங்கள். அப்புறம் மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு சொட்டு வீதம் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விடுங்கள், முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் பையும் ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நம் ஊரில் அதுதான் மறந்துபோகும். பையை ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் நிறுத்திவிட்டு இதைச் செய்கிறேன். இங்கே பாய்லர் தண்ணீர் தாராளம், பைக்குள் போகாதவரை.

பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அயோடினில் முக்கிய பிறகு மணல்மேல், வெளிச்சம் குறைந்த இடத்தில் வையுங்கள். ஒரு வாரம் மூடியிருந்தால் அது அலுப்பு. தினமும் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அலுப்பு நீளும். போன மார்கழியில் வந்த பச்சை ஸோவா ஒன்பதாம் நாள்தான் திறந்தது. பதினோரு பாலிப்பில் ஒன்றே ஒன்று, அதுவும் அறைப் பக்கம் பார்க்காமல் பின்பக்கத் தெர்மாகோலைப் பார்த்து.